சங்கும் ஈரக் கைக்குட்டையும்

பட்டரவாக்கம்
9.7.1985, இரவு

அன்புள்ள ராஜம்மா சிஸ்டருக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் அக்காவுக்கும் வேண்டாம். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

நான் எழுதுவது வீட்டில் யாருக்கும் தெரியாது. எல்லோரும் படுத்த பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சிம்னி விளக்கில் எழுதுகிறேன். போன வருஷம் நான் வயிற்றுவலி என்று அடிக்கடி உங்கள் அறைக்கு வந்தேன் அல்லவா? அதிலிருந்து அப்பா ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார். "இன்னொரு தபா அந்த நர்ஸ் ரூம் பேச்சு என் காதுல வுழுந்துச்சு, பொஸ்தகத்தைத் தூக்கிக் கெடாசிட்டு குத்தம்பாக்கம் அனுப்பிடுவேன். அத்தை ஊட்ல மாடு பாத்துக்க ஆள் இல்லாம கீது." அப்பா அடிக்க மாட்டார், சிஸ்டர். சொன்னால் செய்துவிடுவார். அதுதான் பயம்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கும்போது நீங்கள் விழுந்துவிட்டீர்கள், காலில் கட்டுப் போட்டிருக்கிறது என்று நம் பள்ளி முனியம்மா ஆயா சொன்னார். ஆயா உங்கள் ஊரிலிருந்துதான் தினமும் வருகிறார் என்பதால் அவர் கையிலேயே இதைக் கொடுக்கிறேன். ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு நிம்மதி.

பள்ளியில் உங்கள் நர்ஸ் அறையைப் பூட்டிவிட்டார்கள். சாவி ஹெட்மாஸ்டர் கலியமூர்த்தி சாரிடம் இருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாம் பஞ்சு உருட்டிப் போட்டு வைத்த ஜாடி தெரிகிறது.

எனக்காக எழுதவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். ஃபாக்டரியில் மதியச் சங்கு ஊதினால் அவர்கள் நடுங்குகிறார்கள். போன கார்த்திகையில் பாய்லர் வெடித்து நாகப்பன் மாமா இறந்த அன்று சங்கு நிற்காமல் ஊதியதே, அதை அவர்களும் கேட்டவர்கள்தானே. பரந்தாமன் என்று ஒரு பையன் பெஞ்சுக்கு அடியில் போய் மூத்திரம் போய்விடுகிறான். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வரலட்சுமி டீச்சர் நல்லவர்தான். ஒரு வகுப்பையே வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே நடக்கிறார்.

எனக்கு நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. "ஒண்ணுமில்லன்னு யாரு சொன்னது? இருக்கு. எங்க இருக்குன்னு காட்டு" என்றீர்கள். நான் வயிற்றைக் காட்டினேன். ஈரக் கைக்குட்டையை முகத்தில் ஒற்றிவிட்டு, "சங்கு ஊதட்டும். நாமளும் ஊதுவோம். யாரு முதல்ல நிறுத்துறாங்கன்னு பாப்போம்" என்றீர்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சங்கு நிற்கும்வரை நான் அழாமல் இருந்தேன்.

அதை அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கலாமா? நான் நீங்கள் அல்ல. எனக்கே இன்னும் கை நடுங்குகிறது.

வே. தாட்சாயிணி
ஏழாம் வகுப்பு


திருநின்றவூர்
12.7.1985

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அடுப்பு அக்கா கையில் இருக்கிறது. போட்டால் என்ன ஏது என்று கேட்பாள். தலையணை உறைக்குள் வைத்திருக்கிறேன். காலில் மாவுக்கட்டோடு படுத்திருப்பவளின் தலையணையை யார் சோதிக்கப் போகிறார்கள்? கட்டுக்குள் அரிக்கிறது. சொறிய முடியாது. அக்காவின் பின்னல் ஊசியை விட்டுச் சொறிகிறேன். இதை நீயும் யாரிடமும் சொல்லாதே. ஒரு நர்ஸ் செய்கிற காரியமா அது?

நீ நானல்ல என்று எழுதியிருக்கிறாய். அது நல்லதுதான். நான் உயரம். பெஞ்சுக்கு அடியில் என்னால் நுழைய முடியாது. உன்னால் முடியும். முதலில் அங்கே போய் உட்கார். பேசாதே. அவன் கையை நீயாகப் பிடிக்காதே; உன் கையை அவன் பக்கத்தில் வை. பிடிக்க வேண்டுமானால் அவன் பிடிப்பான். பயப்படாதே என்று மட்டும் சொல்லிவிடாதே. பயந்துகொண்டிருக்கிறவனிடம் அப்படிச் சொன்னால், பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும். எங்கே இருக்கிறது என்று கேள். வயிற்றில், தொண்டையில், முழங்காலில், எங்கே வேண்டுமானாலும் இருக்கும். இடம் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

கைக்குட்டையை நனைத்துப் பிழிந்துகொள், சொட்டக் கூடாது. முகத்தில் குளிர்ச்சி பட்டால் படபடப்பு இறங்கும். பிறகு ஊதச் சொல். முதலிலேயே மூச்சையெல்லாம் விட்டுவிடுவார்கள். எதிரே விளக்கு இருப்பதாக நினைத்து, அது அணையாமல் ஆடுகிற அளவுக்கு ஊதச் சொல்.

ஒன்றை மட்டும் மறக்காதே. வரலட்சுமி டீச்சரிடம் சொல்லிவிட்டுச் செய்.

கை நடுங்குகிறது என்று எழுதியவளின் கையெழுத்து இவ்வளவு நேராக இருக்கிறதே!

ராஜம்மா


பட்டரவாக்கம்
19.7.1985, இரவு

அன்புள்ள சிஸ்டருக்கு,

இதையும் யாருக்கும் காட்டாதீர்கள்.

நடந்துவிட்டது, சிஸ்டர்! இப்போதெல்லாம் சங்கு நேரத்தில் வரலட்சுமி டீச்சர் ஹெட்மாஸ்டர் அறைக்குப் போய்விடுகிறார். திங்கட்கிழமை நான் பெஞ்சுக்கு அடியில் போனபோது பரந்தாமன், "போ, போ" என்று காலால் உதைத்தான். நான் பேசவில்லை. கையை மட்டும் வைத்தேன். அவன் என் கையைப் பிடிக்கவில்லை. சுண்டுவிரலை மட்டும் பிடித்தான். எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "காதுல" என்றான். எனக்குத் தெரிந்தவரை காதில் பயம் உள்ளவன் இவன் ஒருவன்தான்.

நேற்று அவன் சங்கோடு ஊதினான். சங்கு நின்றது. அவனுக்கு இன்னும் மூச்சு மிச்சம் இருந்தது. பெஞ்சின் மேல் ஏறி நின்று, "ஹேய்! சங்கு தோத்துப் போச்சுடா! ஃபாக்டரிக்குத் தம் இல்லடா!" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. இந்தத் தடவை அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவனோடு சேர்ந்து சிரித்தது.

இப்போது சங்குக்கு முன்பே பிள்ளைகள் குழாயடியில் வரிசையாக நின்று கைக்குட்டையை நனைத்துக்கொள்கிறார்கள். கைக்குட்டை இல்லாதவர்கள் சட்டை நுனியை நனைத்துக்கொள்கிறார்கள். முத்தம்மாள் என்ற பெண் மட்டும் ஊதும்போது கண்ணைத் திறக்க மாட்டேன் என்கிறாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்களும் அப்படித்தான் விட்டிருப்பீர்கள்.

நீங்கள் இதையெல்லாம் எங்கே கற்றீர்கள்? பள்ளியில் நான் வேறு யாரைப் பார்த்தும் இப்படி ஆக வேண்டும் என்று நினைத்ததில்லை. வெள்ளை உடுப்புக்காக அல்ல. நீங்கள் உள்ளே வந்தால் அறையே கொஞ்சம் மெதுவாக மூச்சுவிடும், அதற்காக.

இன்னொன்று. இதைக் கேட்கலாமா தெரியவில்லை. அப்பா மூன்றாம் ஷிப்டுக்குப் போகும்போது டிபன் பாக்ஸை நான்தான் கொடுப்பேன். அவர் விரல்கள் சில்லென்று இருக்கின்றன, பரந்தாமன் விரலைப் போல. சங்கு ஊதி முடியும்வரை தோட்டத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நாகப்பன் மாமாவும் அவரும் ஒரே பாய்லரில்தான் வேலை செய்தார்கள். அம்மா, "இன்னாய்யா, சிலை மாதிரி நின்னுகினு கீறே, லேட்டாவுது" என்று திட்டுகிறாள்.

தாட்சாயிணி


திருநின்றவூர்
23.7.1985

தாட்சா,

அவசரமாக எழுதுகிறேன், ஆயா ரயிலுக்கு நிற்கிறார்.

பரந்தாமன் கதையை மூன்று முறை படித்தேன். வலியை மறந்து சிரித்தேன். அக்கா எட்டிப் பார்த்தாள்; கால் கூசுகிறது என்று சொல்லிவிட்டேன்.

விரல் சில்லிடுவது சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதல்ல. மீசை வைத்தவர்களுக்கும் வரும். அவர்களுக்குத்தான் பெஞ்சுக்கு அடியில் இடமில்லை. உன் அப்பாவுக்கு நான் எழுத முடியாது. நீயும் இப்போது எதுவும் கேட்காதே. டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போது கையை உடனே எடுத்துவிடாமல் கொடு. அது போதும்.

வரலட்சுமி டீச்சரிடம் சொல்லிவிட்டாயா? இவ்வளவு எழுதியவள் அதை மட்டும் எழுதவில்லையே.

ராஜம்மா


பட்டரவாக்கம்
26.7.1985, இரவு

சிஸ்டர்,

யாருக்கும் காட்டாதீர்கள். தயவுசெய்து.

நான் டீச்சரிடம் சொல்லவில்லை. தினமும் சொல்லலாம் என்று அவர் மேஜை வரைக்கும் போவேன். போய்ச் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவேன்.

இன்று ஆடி வெள்ளி. பள்ளிக்கு விடுமுறை. பொன்னியம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். தெருவே அங்கே இருந்தது. மதியச் சங்கு ஊதியது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அவரவர் அம்மாவின் இடுப்பிலிருந்தும் கையிலிருந்தும் நழுவிக் குழாயடிக்கு ஓடினார்கள். துணியை நனைத்தார்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் ஒரே மாதிரி.

பேப்பரில் போபால் விஷவாயுப் படம் பார்த்தவர்கள்தானே எங்கள் தெருக்காரர்கள். முகத்தில் ஈரத்துணி கட்டிக்கொண்டு ஓடும் ஜனங்களின் படம் இன்னும் டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. யாரோ, "ஐயோ, கேஸு! புள்ளைங்களுக்கு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்துக்கீறாங்க, நமக்குத்தான் தெரியல!" என்று கத்தினார்கள். அவ்வளவுதான். கூழ்ப் பானை உருண்டது. ஜனங்கள் ஓடினார்கள். பெரியவர் ஒருவர் மிதிபட்டுக் கை முறிந்துவிட்டது. சில குடும்பங்கள் மூட்டையோடு பஸ் ஏறிச் சென்னீர்குப்பம் போய்விட்டன. சாயங்காலம் ஃபாக்டரி ஜீப் வந்து, கேஸ் ஒன்றும் இல்லை என்று மைக்கில் சொல்லிக்கொண்டே போனது.

பிள்ளைகளைப் பிடித்து யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார்கள். பரந்தாமனை அவன் அம்மா தொடையில் கிள்ளிக் கேட்டாள். "சொல்ல மாட்டேன். நீ கிள்ளு" என்றானாம். சொல்லாதே என்று நான் அவனிடம் சொன்னதே இல்லை, சிஸ்டர்.

கலியமூர்த்தி சார் கோவிலுக்கே வந்துவிட்டார். "இது நர்ஸம்மா ரூம் பழக்கம்தான். அவங்களை இனிமே வெச்சிக்க முடியாதுன்னு மேனேஜ்மென்ட்டுக்கு எழுதிடறேன்" என்றார். திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். அப்பாவும் வருகிறார். "எவ கத்துக் குடுத்தாளோ அவளை நாலு பேருக்கு முன்னால கேக்கணும்" என்று அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நானென்று சொன்னால் எனக்குப் பள்ளிக்கூடம் போய்விடும். சொல்லாவிட்டால் உங்களுக்குப் போய்விடும். நான் என்ன செய்ய?


திருநின்றவூர்
28.7.1985

அன்புள்ள தாட்சாயிணிக்கு,

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஆயா இதைக் கொண்டுவருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்று எழுதியிருந்தாய். முகத்தைப் படிக்கத் தெரியும். உன்னைப் பார்த்துவிட்டுத்தான் நேராக என்னிடம் வந்திருக்கிறார்.

நீ எதுவும் சொல்ல வேண்டாம். நாளைக் கூட்டத்தில் வாயைத் திறக்காதே. இது என் வழக்கம், நான் சொல்லிக்கொடுத்தது என்று ஹெட்மாஸ்டருக்கு எழுதி ஆயாவிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். பொய்யில்லை, நான்தானே சொல்லிக்கொடுத்தேன். பழி என் மேல் இருக்கட்டும். கால் மாவுக்கட்டில் இருக்கிறது, நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்? உனக்குப் பன்னிரண்டு வயது. இது உன் தலையில் ஏற்ற வேண்டிய சுமை இல்லை.

ஈரத்துணியைப் பார்த்தால் ஜனங்களுக்கு என்ன தோன்றும் என்று நானும் யோசிக்கவில்லை. என் அறைக்குள் நாலு சுவர் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். நீ டீச்சரிடம் சொல்லியிருந்தாலும் கோவிலில் இப்படித்தான் நடந்திருக்கும்.

உன்னிடம் ஒன்று சொல்கிறேன். அக்கா வீடு தண்டவாளத்தை ஒட்டி இருக்கிறது. விழுந்த நாளிலிருந்து ரயில் வரும் சத்தம் கேட்டாலே எனக்குக் குதிகால் முதல் கழுத்துவரை வியர்க்கிறது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. பரந்தாமன் பெஞ்சின் மேல் ஏறிக் கத்தினானே, அதைப் படித்த ராத்திரிதான் நானும் ஊதிப் பார்த்தேன். ஆவடியிலிருந்து வந்த வண்டி தோற்றுவிட்டது. கூட்ஸ் வண்டியிடம் மட்டும் நான் தோற்றேன்.

எனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தவளை நாளைக்குக் கூட்டத்தில் நிறுத்தி அழவைக்க எனக்கு மனமில்லை. பேசாமல் இரு.

ராஜம்மா


பட்டரவாக்கம்
29.7.1985, இரவு

அன்புள்ள ராஜம்மா சிஸ்டருக்கு,

நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை. மன்னித்துவிடுங்கள்.

கூட்டம் ஒன்றாம் வகுப்பு அறையில் நடந்தது. கலியமூர்த்தி சார் உங்கள் கடிதத்தை உரக்கப் படித்தார். "பழி என்னுடையது" என்ற வரி வந்ததும் பொன்னியம்மா, அதாவது பரந்தாமனின் அம்மா, "ஆமா, கால ஒடிச்சுக்கினு ஊட்ல குந்திக்கினு என் புள்ளைக்குப் பேய் ஓட்டுதா அந்தம்மா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள், சிஸ்டர். எனக்குத் தொண்டையில் இருந்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் அங்கே கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"நான்தான் சார் சொல்லிக் குடுத்தேன். சிஸ்டர் இங்க இல்லவே இல்ல" என்றேன்.

அப்பா கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை.

"ஏம்மா, நீயா? எதுக்கு?" என்றார் சார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. "கேஸுக்கு இல்ல சார். பயத்துக்கு" என்றேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. "பயத்துக்கு இன்னாடி ஈரத்துணி? ஜுரமா அது?" என்று யாரோ கேட்டார்கள். மறுபடி சிரிப்பு.

அப்போது மதியச் சங்கு ஊதியது.

வெள்ளிக்கிழமை ஓடியவர்கள்தானே எல்லோரும். இன்று கேஸ் இல்லை என்று தெரியும். ஆனாலும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பெண்கள் பிள்ளைகளை இழுத்து மடியில் அமுக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் திமிறிக் குழாயடிக்குப் போய் நனைத்துக்கொண்டு வந்தார்கள். வரிசையாகத்தான் போனார்கள். யாரும் தள்ளவில்லை. பரந்தாமன் தன் கைக்குட்டையைத் தன் முகத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அவன் அம்மாவின் முகத்தில் வைத்தான். "ஊதும்மா. மெதுவா. வெளக்கு அணையக் கூடாது" என்றான். பொன்னியம்மா ஊதினாள், சிஸ்டர்! நடுவில் இருமிவிட்டாள். மறுபடி ஊதினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. கைக்குட்டை தண்ணீர் என்று சொன்னாள். முத்தம்மாள் கண்ணைத் திறந்துகொண்டே ஊதினாள்.

சங்கு நின்றது. கலியமூர்த்தி சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வரலட்சுமி டீச்சர் என்னிடம் வந்து, "மேஜை வரைக்கும் வந்து வந்து சாக்பீஸ் எடுத்துட்டுப் போனியே, இதுக்குத்தானா?" என்றார். டீச்சர் கவனித்திருக்கிறார். பிறகு சாரிடம் சாவியைக் கேட்டார். நீங்கள் வரும்வரை உங்கள் அறையை டீச்சர் பார்த்துக்கொள்வார். மேனேஜ்மென்ட்டுக்கு எழுதியதைச் சார் கிழித்துவிட்டார். நான் கண்ணால் பார்த்தேன்.

நீங்கள் திரும்பி வரலாம், சிஸ்டர். நான் அங்கே இருப்பேனா என்பதுதான் தெரியவில்லை.

சங்கு ஊதும்போது நான் ஒரு தடவை அப்பாவைப் பார்த்துவிட்டேன். ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சங்கு நின்றதும் என்னைப் பார்த்தார். நடந்து போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகு என்னோடும் பேசவில்லை, அம்மாவோடும் பேசவில்லை. "உங்க நைனா வாயத் தொறக்கலன்னா முடிவு பண்ணிட்டாருன்னு அர்த்தம்" என்றாள் அம்மா. கோவிலில் சார் நர்ஸ் ரூம் பேச்சை எடுத்ததுமே, வெள்ளிக்கிழமையே குத்தம்பாக்கத்து அத்தைக்குச் சொல்லியனுப்பியிருந்தார்களாம். நாளைக் காலையில் வருகிறார். அம்மா என் பாவாடைகளை மடித்து ஒயர் கூடையில் வைத்துவிட்டாள். புத்தகப் பை ஆணியிலேயே தொங்குகிறது.

மாடு எனக்குப் பிடிக்கும். அத்தையும் நல்லவர்தான். ஆனால் அங்கே சங்கு இல்லை. ஊதுகிற பிள்ளைகளும் இல்லை.

டிபன் பாக்ஸைக் கொடுக்கும்போது நீங்கள் எழுதியபடி கையை உடனே எடுக்காமல் கொடுத்தேன். அப்பாவும் எடுக்கவில்லை. பிறகு எதுவோ சொல்ல வந்தவர் போலத் தோட்டத்துப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார். நான் எழுதும் இந்த அறையின் பின்கதவுக்கு அந்தப் பக்கம்தான் தோட்டம். ஷிப்டுக்கு இன்னும் கிளம்பவில்லை.

இதோ மூன்றாம் ஷிப்டுச் சங்கு ஊதுகிறது. நானும் ஊதிக்கொண்டே எழுதுகிறேன், அதனால்தான் எழுத்து கோணலாக இருக்கிறது.

வெளியே தொட்டியில் சொம்பு மோதுகிறது. யாரோ துண்டைப் பிழிகிறார்கள்.

சிஸ்டர், கதவுக்கு வெளியே யாரோ ஊதுகிறார்கள். கரகரப்பாக, அறுந்து அறுந்து. முதலிலேயே மூச்சையெல்லாம் விட்டாயிற்று. மறுபடி. இந்தத் தடவை கொஞ்சம் நீளமாக. சங்கு நின்றுவிட்டது. இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார். விளக்கை நினைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அது அப்பாவுக்குத் தெரியா

தட்டுகிறார். என் பெயரைச் சொல்லித்தான்